கயிறு கட்டின கதவும் ஒரு வில்லனும்

போன மாசம் ஒரு டிவி சீரியல் நடிகர் எனக்குப் போன் பண்ணாரு. "சார், நடிப்புலேர்ந்து அரசாங்கப் பாலிசி சைடு மாறலாம்னு இருக்கேன். அதுல நீங்கதான் சீனியர். எப்படி ப்ரிபேர் பண்ணீங்க?"ன்னு ரொம்ப மரியாதையாக் கேட்டாரு. எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. நான் ப்ரிபேர் பண்ணது ஒண்ணே ஒண்ணுதான். வெள்ளைச் சட்டை ஒண்ணு தெச்சுக்கினேன். அதுவும் காலர் டைட்டாப் பூடுச்சு.

நான் இருந்த அரசாங்கக் கமிட்டியிலேர்ந்து என்ன இப்ப ரிட்டயர் பண்ணி சால்வை போத்தி அனுப்பிட்டாங்க. புதுக் கமிட்டிக்கு ஒரு காமெடி நடிகரப் பாத்துக்கினு இருக்காங்கன்னு கேள்வி. நல்லது. நான் இருந்தப்பயும் ஜனங்க சிரிச்சாங்க, இனிமே காரணத்தோட சிரிப்பாங்க. போன் பண்ண தம்பிக்கு வாயால சொன்னா கிண்டல் பண்றேன்னு நெனச்சுக்குவாரு. அதனால எழுதிடறேன். கிண்டல் பண்றேன்னுதான் அப்பவும் நெனைப்பாரு, ஆனா நின்னு படிப்பாரு.

எனக்கு ஊரு ஆந்திரா எல்லையில நகரி. வூட்டுல பவர்லூம் ஓடும். அந்தச் சத்தத்துல எங்க நைனாகிட்ட "சோறு ரெடி"ன்னு சொல்லணும்னாகூட தொண்டை கிழியக் கத்தணும். அந்தத் தொண்டைய எடுத்துக்கினு மெட்ராஸ் சினிமாவுக்குப் போனேன். கூட்டத்துல நின்னேன், அடியாளா நின்னேன், அடி வாங்கினேன், அப்புறம் அடிக்கச் சொன்னாங்க. பயிற்சின்னா அவ்ளோதான். தமிழும் தெலுங்கும் வாயில இருந்ததால ரெண்டு பக்கமும் கூப்ட்டாங்க. ரெண்டு பக்கமும் ஒரே வேலை. ஹீரோயின் முடியப் புடிச்சு இஸ்துக்கினு போவணும், கடைசியில ஹீரோ கையால சாவணும். அத்தினி படத்துல செத்தும் ஒரு படத்துலகூட எனக்கு யாரும் அழுததில்ல.

அந்தத் தொழில்ல ஒரு விசயம் மட்டும் இங்க சொல்லியாவணும். வசனத்த மனப்பாடம் பண்ற வில்லன நான் பாத்ததில்ல. கேமராவுக்குக் கீழ ஒரு அசிஸ்டென்ட் குந்திக்கினு பேப்பரப் பாத்து மெதுவாச் சொல்லுவாரு. அதான் பிராம்ப்டிங். அத்த காதால வாங்கி வாயால தள்ளணும். கண்ணு மட்டும் ஹீரோவ மொறைச்சுக்கினே இருக்கணும். பழகினவன் பண்ணா யாருக்கும் தெரியாது. புதுசா வந்தவன் மாட்டிக்குவான். ஏன்னா, அவன் அர்த்தம் முடியற எடத்துல நிறுத்த மாட்டான், பிராம்ப்டர் மூச்சு வாங்கற எடத்துல நிறுத்துவான். "உன்ன உயிரோட"ன்னு சொல்லிட்டு நிப்பான். ஹீரோவும் உயிரோட இன்னா பண்ணப் போறான்னு முழிச்சுக்கினு நிப்பாரு. அடுத்த வார்த்தைக்கு முன்னாடி கண்ணு ஒரு தபா கேமராவுக்குக் கீழ போய்ட்டு வரும். எவ்ளோ பெரிய நடிகனா இருந்தாலும் அந்தக் கண்ணு காட்டிக் குடுத்துடும்.

அப்புறம் வடக்கேருந்து சட்டையக் கழட்டினாலே கைதட்டல் வாங்கற வில்லனுங்க வந்தாங்க. என்னக் கூப்ட்டு ஹீரோயினுக்குத் தாத்தான்னாங்க. அந்தப் படமும் வெளிய வரல. சும்மா வூட்ல குந்திக்கினு இருக்கறேனேன்னு வூட்டுக்காரி என்னக் காணிப்பாக்கத்துக்கு இஸ்துக்கினு போனா.

காணிப்பாக்கத்துல ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தன் பொய் சொல்றான்னு தோணிச்சுன்னா எங்க ஜில்லாவுல "காணிப்பாக்கம் வரியா?"ன்னு கேப்பாங்க. கோயில் கொளத்துல முங்கி, ஈரத் துணியோட விநாயகர் முன்னாடி நின்னு சத்தியம் பண்ணணும். பொய் சத்தியம் பண்ணவன் உருப்பட மாட்டான்னு எல்லாருக்கும் நம்பிக்கை. கோர்ட்டுல வாய் கூசாம பேசறவன்கூட அந்தக் கொளத்தாண்ட வந்தா படி எறங்க மாட்டான்.

அந்தக் கொளத்தாண்டதான் பதவியில இருந்த ஒரு பெரிய மனுசர் என்னப் பாத்தாரு. "மீரு வில்லன் கதா?"ன்னாரு, நீங்க வில்லன்தானேன்னு. ஆமாங்கன்னேன். பெண் தொழிலாளர் பயணப் பாதுகாப்புக்குன்னு ஒரு கமிட்டி போடறாங்களாம், ஜனங்களுக்குத் தெரிஞ்ச ஒரு சினிமா மொகம் வேணுமாம். ஹீரோங்க முடியாதுன்னுட்டாங்க, ஹீரோயினுங்க மேனேஜர் போனே எடுக்கல. கொளம் வரைக்கும் நீண்ட ஸ்பெஷல் தரிசன க்யூவுல கையில தேங்காயோட நான் நின்னேன். அரசாங்கத்துல ஆள் எடுக்கற மொறையே இதான்னு அப்பத்தான் புரிஞ்சுது.

வூட்டுக்காரி அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் சிரிச்சா. "பொம்பளைங்க பாதுகாப்புக்கா? உங்களயா? முடியப் புடிச்சு இஸ்ததுக்குப் பரிகாரமா?"

ஆபீஸ் திருப்பதியில. எங்க சேர்மன் ரிட்டயர்டு அதிகாரி, சித்தூர்க்காரர். தமிழ் நம்மள மாதிரியே பேசுவாரு. ஒல்லியான மனுசன். மீட்டிங்கில எல்லாரும் சமோசா துன்னுக்கினு இருக்கும்போது அவரு மட்டும் வூட்லேர்ந்து கொண்டாந்த மோரக் குடிப்பாரு. ஒரு இங்க் பேனா வெச்சிருந்தாரு. யாராவது ஒரு பிரச்சினையச் சொல்ல ஆரம்பிச்சா மூடியக் கழட்டுவாரு. முழுசாக் கேப்பாரு, நடுவுல பேசவே மாட்டாரு. முடிஞ்சதும் ரொம்ப அன்பா "அலாகேனண்டி"ம்பாரு. அப்படியே ஆவட்டும்னு அர்த்தம். சொல்லிட்டு டிக்குன்னு மூடியப் போடுவாரு. மொத ரெண்டு மீட்டிங்கில, அடடா, எவ்ளோ நல்ல மனுசன், எல்லாத்துக்கும் சரின்றாரேன்னு பூரிச்சுப் போனேன். அப்புறந்தான் தெரிஞ்சுது, மூடி விழுந்துச்சுன்னா அந்தப் பிரச்சினைக்குக் கருமாதி ஆய்டுச்சுன்னு.

ஒரு தபா எனக்குக் கோவம் வந்து, பழைய தறிச் சத்தத்துக்கு மேல கத்திட்டேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துச்சு. சேர்மன் மோர ஒரு மொடக்கு குடிச்சிட்டு, "தணிகாசலம் காரு, வில்லனுங்க ஏன் எப்பவும் தோக்கறாங்க தெரியுமா? கத்தறாங்க"ன்னாரு. "இங்க கத்தினது மினிட்ஸ்ல ஏறாது. மெதுவா, திரும்பத் திரும்பக் கேட்டதுதான் ஏறும்." நான் மனசுக்குள்ள திட்டினேன்.

இப்ப அந்தக் கேசுக்கு வரேன். வடமாலபேட்டைக்குப் பக்கத்துல ஒரு தமிழ்க் கிராமம். அங்கேர்ந்து பொம்பளைங்க ஸ்ரீ சிட்டிப் பக்கம் ஃபேக்டரி வேலைக்கு வேன்ல போய்க்கினு இருந்தாங்க. வேன் ஒரு கான்ட்ராக்டரோடது. ஆளுங்கள அதிகமா ஏத்தறதுக்காக சீட்டெல்லாம் புடுங்கிட்டு பலகை போட்டிருந்தான். பின்கதவு பூட்டு ஒடைஞ்சு கெடந்துச்சு. அத்த ரிப்பேர் பண்ணாம, எல்லாரும் ஏறினதும் வெளியிலேர்ந்து நைலான் கயித்தால கட்டிடுவாங்க. மாட்ட ஏத்திப் போற வண்டியிலகூட ஒழுங்கா ஒரு தாப்பா இருக்கும். புத்தூர் தாண்டி ஒரு திருப்பத்துல கயிறு அறுந்து, கதவோரம் குந்தியிருந்த மேகலான்ற பொண்ணு ரோட்டுல விழுந்துட்டா. இடுப்பெலும்பு நொறுங்கிடுச்சு. அதுக்கப்புறம் அவளால நடக்க முடியல.

கான்ட்ராக்டர் எழுதிக் குடுத்த கதை வேற. வண்டி நிக்கறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணே குதிச்சுட்டாளாம். இத்த விசாரிக்கத்தான் வடமாலபேட்டை மண்டலாபீசு ஹால்ல பொதுக்கூட்டம் மாதிரி ஒரு விசாரணை வெச்சோம். மேகலாவோட அக்கா காஞ்சனாவும் அதே வேன்ல அன்னிக்குப் போனவ. அவதான் முக்கிய சாட்சி. விசாரணைக்கு முந்தின நாளே கான்ட்ராக்டரோட சூப்பர்வைசர் ஊருக்குள்ள போய், "எவளாச்சும் வாயத் தொறந்தீங்க, நாளையிலேர்ந்து இந்த ஊருக்கு வண்டி கெடையாது"ன்னு சொல்லிட்டு வந்திருக்கான். அந்த ஊர்ல பாதி அடுப்பு எரியறது அந்த வேனாலதான். காஞ்சனா உண்மையச் சொன்னா ஊரே வேலைய உடணும். பொய் சொன்னா தங்கச்சி தானே குதிச்சவளா ஆயிடுவா, கதவும் கயித்தோடயே ஓடும். இதெல்லாம் அந்த நேரத்துல எனக்குத் தெரியாது.

ஹாலுக்குள்ள போனேன். மேடைக்குப் பின்னாடி பேனர் கட்டியிருந்தாங்க. "மகளிர் பயணப் பாதுகாப்பு"ன்னு மேல எழுதி, கீழ என் போட்டோ. இன்டர்நெட்ல தேடி எடுத்திருக்காங்க. கையில அருவா, நெத்தியில ரத்தம், ரோட்டுல யாரையோ வெட்டப் போற மாதிரி நிக்கறேன். எங்க கமிட்டியோட பி.ஆர்.ஓ.கிட்ட கேட்டா, "சார், அந்த போட்டோவுலதான் ரெசொல்யூஷன் நல்லா இருந்துச்சு"ன்னான். முன்னாடி குந்தியிருந்த ஒரு ஆத்தா பேனரையும் என்னயும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, பக்கத்துல இருந்த பொண்ணோட துப்பட்டாவ இழுத்து உட்டுது.

காஞ்சனா மைக்கு முன்னாடி வந்தா. முப்பது வயசு இருக்கும். சேர்மன் மூடியக் கழட்டிட்டு, "செப்பம்மா, பயப்படாம சொல்லு"ன்னாரு.

"எங்க தங்கச்சி வண்டி நிக்கறதுக்கு"ன்னு சொல்லிட்டு நிறுத்தினா.

நிறுத்தற எடமா அது? என் காது விறைச்சுக்கிச்சு.

"முன்னாடியே அவளே குதிச்சா வண்டி மேல எந்த"ன்னு மறுபடி நிறுத்தினா. கண்ணு எங்க தலைக்கு மேல ஒரு தபா போய்ட்டு வந்துச்சு. "தப்பும் இல்ல. சூப்பர்வைசர் எங்கள நல்லாப்"ன்னு நிறுத்திட்டு, மறுபடி கண்ணு மேல போச்சு.

திரும்பிப் பாத்தேன். மேடைக்குப் பின்னாடி, பேனரோட ஓரத்துல, அந்தச் சூப்பர்வைசர் நின்னுக்கினு இருந்தான். தண்ணி பாட்டில் எடுத்துக் குடுக்கறவன் மாதிரி கையில ரெண்டு பாட்டில். வாய் மட்டும் ஆடுது. சத்தமே இல்லாம ஒவ்வொரு வார்த்தையா வாயால காட்றான். எங்க செட்டுல இருந்திருந்தா நல்ல அசிஸ்டென்ட்டா வந்திருப்பான். ஆனா மூச்சு வாங்கத் தெரியல.

 தங்கச்சி எழுந்து நிக்க முடியாம வூட்ல கெடக்கறா. அவ மேலயே பழியப் போடற வசனத்த அக்கா வாயிலேர்ந்து புடுங்கறான் இந்த நாயி. கத்தணும்னுதான் வந்துச்சு. சேர்மன் சொன்னது ஞாபகம் வந்துச்சு. கத்தல. தண்ணி வேணும்ன்ற மாதிரி எழுந்து, மெதுவா நடந்து, அவனுக்கும் காஞ்சனாவுக்கும் நடுவுல போய் நின்னேன். அவன் இந்தப் பக்கம் நவுந்தான், நானும் நவுந்தேன். அந்தப் பக்கம் நவுந்தான், நானும் போனேன். அப்புறம் திரும்பி அவன ஒரு பார்வை பாத்தேன். வருசக்கணக்கா இன்டர்வெல்லுக்கு முன்னாடி பாத்த பார்வை அது, புள்ளைங்க தேட்டர்ல வீல்னு அழற பார்வை. மொத தபாவா சம்பளம் வாங்காம பாத்தேன். அவன் கையில இருந்த பாட்டில் ஒண்ணு கீழ விழுந்துச்சு.

காஞ்சனா அப்படியே நின்னா. வசனம் வரல.  பிராம்ப்டர் இல்லாத நடிகன் எப்படி முழிப்பான்னு எனக்குத் தெரியும். அந்த நேரம் ஒரு யுகம் மாதிரி இருக்கும். நான் அவளப் பாத்து, "ஒண்ணும் அவசரமில்லம்மா, நீயே சொல்லு"ன்னேன்.

அவ வாய்ல முந்தானைய வெச்சு ஒரு கேவல் கேவினா. அப்புறம் சொன்னா. இந்த தபா எங்கயும் நிறுத்தல.

"கயித்தால கட்டிக்கினு போவாங்க சார். நாங்க உள்ளேர்ந்து தொறக்கவே முடியாது. மூணு தபா சொன்னோம், கதவச் செய்யுங்கன்னு. சிரிச்சானுங்க. அன்னிக்குக் கயிறு அறுந்துபோச்சு. என் கையப் புடிச்சுக்கினுதான் இருந்தா சார். அவ வளையல் மட்டும் என் கையில நின்னுச்சு. அவ ஏன் சார் குதிக்கப் போறா? கல்யாணத்துக்கு நாள் பாத்துக்கினு இருந்தோம்."

சூப்பர்வைசர் என்னத் தள்ளிட்டு முன்னாடி வந்தான். "சேர்மன் சார், இதெல்லாம் டிராமா! இந்த சினிமாக்காரன் சொல்லிக் குடுத்திருக்கான். அழுவறது பாருங்க, அப்படியே சினிமா!"ன்னான். பாருங்க அநியாயத்த. சொல்லிக் குடுத்தவன் அவன், பேரு எனக்கு.

காஞ்சனா கண்ணத் தொடச்சுக்கினா. அவனப் பாக்கல. அவன் பின்னாடி, வாசப்படியாண்ட நின்னுக்கினு இருந்த வேன் டிரைவரப் பாத்தா. "ணா, நீதான கயிறு கட்டின. காணிப்பாக்கம் வரியா? நான் முங்கி எழுந்து சொல்றேன். நீயும் முங்கி எழுந்து, அவ குதிச்சான்னு சொல்லு. சொல்லிட்டீன்னா நான் ஊர உட்டே போயிடறேன்."

டிரைவர் பாவம், புள்ளகுட்டிக்காரன். சூப்பர்வைசர் அவனப் பாத்து, "வரேன்னு சொல்லுடா"ன்னான். டிரைவர் தலையக் குனிஞ்சுக்கினு, "நான் வரலண்ணா. நீ போய் முங்கு"ன்னுட்டு வெளிய பூட்டான். சூப்பர்வைசர் காலடியில கொளம் இருக்கற மாதிரி ஒரு அடி பின்னாடி நவுந்து நின்னான்.

நான் சேர்மனப் பாத்தேன். காணிப்பாக்கமெல்லாம் சாட்சி ஆவாது, கோர்ட்டுல செல்லாது, இப்ப அலாகேனண்டி வரப் போவுது, மூடி விழப் போவுதுன்னு வெறுப்போட பாத்துக்கினு இருந்தேன். ஆனா மனுசன் சித்தூர்ல பொறந்தவராச்சே. டிரைவர் போன வாசலப் பாத்தாரு, பேனாவப் பாத்தாரு, மூடிய எடுத்து சட்டைப் பாக்கெட்டுல போட்டுக்கினாரு. "உள்ளேர்ந்து தொறக்கவே முடியாதாம்மா? இன்னொரு தபா சொல்லு, எழுதணும்"ன்னாரு.

இதோட சுபம்னு போட்டு எழுந்துக்கறதுக்கு இது சினிமா இல்ல. சூப்பர்வைசர் சொன்னத செஞ்சான். அடுத்த நாள்லேர்ந்து வேன் வரல. ஊர்ப் பொம்பளைங்க காஞ்சனாவத் திட்டினாங்க. "நீ ஒருத்தி உண்மைய பேசிட்ட, நாங்க இன்னாத்த துன்றது?"ன்னு தெருவுல நின்னு கேட்டாங்க. குழாயடியில அவ கொடத்த நவுத்தி வெச்சாங்க. அவ பாட்டுக்கு மேகலாவ தூக்கி உக்கார வெக்கறதும், மாங்கா மண்டிக்குக் கூலிக்குப் போறதுமா இருந்தா. ஒரு நாள் அந்த ஊருக்குப் போனேன். என்னப் பாத்ததும் ஒரு அம்மா, "வந்துட்டான் பாரு, படத்துல கெடுத்தது பத்தாதுன்னு"ன்னு மண்ண வாரித் தூத்திச்சு. சரியாத்தான் தூத்திச்சு, கண்ணுல பட்டுச்சு.

திரும்பிப் போய் சேர்மன்கிட்ட குந்தினேன். கத்தல. அன்னிக்கு எழுதி மேல அனுப்பின கதவு விதி இன்னா ஆச்சு சார்னு கேட்டேன். அடுத்த வாரமும் கேட்டேன். அதுக்கடுத்த வாரமும் கேட்டேன். அவரும் மேல கேட்டுக்கினே இருந்தாரு. தம்பி, பாலிசின்னா இதான். ஒரே வசனத்த, கைதட்டல் இல்லாம, காது கேக்காதவன் மாதிரி நடிக்கறவன்கிட்ட தெனம் சொல்லணும். கடைசியில வந்துச்சு. ஆளுங்கள ஏத்தற வண்டியில கதவு உள்ளேர்ந்து தொறக்கணும், வெளிய கயிறு கூடாது, சீட்டு இருக்கணும். எங்க கமிட்டி வாழ்நாள்ல உருப்படியாப் பண்ணது இந்த ஒரு வாக்கியம். ஃபேக்டரிக்காரங்க கான்ட்ராக்டர மாத்தினாங்க. ஊருக்கு வேற வேன் வந்துச்சு.

வேன் வந்தா சும்மா உடுவாங்களா? விழா வெச்சாங்க. ரிப்பன் வெட்ட நானு. பேனர்ல மறுபடி அதே அருவா போட்டோ. ஒரு வித்தியாசம், இந்த தபா ரத்தத்த மட்டும் கம்ப்யூட்டர்ல தொடச்சிருந்தாங்க. காஞ்சனாவ புது வேன் கதவாண்ட நிக்க வெச்சு, பி.ஆர்.ஓ. கேமராவுக்குப் பக்கத்துல போய் குந்தினான். கையில பேப்பர். எனக்குப் பழைய காலம் கண்ணு முன்னாடி வந்துச்சு.

"எங்கள் கண்ணீரைத் துடைத்த"ன்னு மெதுவாச் சொல்லிக் குடுத்தான்.

காஞ்சனா அவனப் பாக்கல. கதவத்தான் பாத்தா. உள்பக்கம் கையவுட்டு தாப்பாள இழுத்தா, தொறந்துச்சு. மூடினா. மறுபடி இழுத்தா, மறுபடி தொறந்துச்சு. அப்புறம் கேமராவப் பாத்து, "இந்தக் கதவு அன்னிக்கே இருந்திருந்தா எந் தங்கச்சி இன்னிக்கு நடந்துக்கினு இருப்பா"ன்னா.

கைதட்ட ரெடியா நின்னவங்க கை அப்படியே நின்னுச்சு. சேர்மன் தலையக் குனிஞ்சுக்கினாரு. பி.ஆர்.ஓ. பதறிப் போய், "அம்மா, அது வேணாம்மா. சந்தோசமா, நன்றின்னு ஒரு வார்த்தை. ஒன் மோர்"ன்னான்.

"இன்னொரு தபா எடுத்தாலும் இதான் சொல்லுவேன்"ன்னா காஞ்சனா.

அவன் என்கிட்ட ஓடி வந்தான். "சார், நீங்க சீனியர் நடிகர், கொஞ்சம் சொல்லிக் குடுங்க சார்."

நான் கத்திரிக்கோல கீழ வெச்சேன். "ஷாட் ஓகேப்பா, கேமராவ மூடு"ன்னேன்.